வயிற்றுத் தீயும் வாழ்வின் தரமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஒட்டன்சத்திரத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

   

தமிழர் தம் உணர்ச்சிகள் பலவற்றை வயிற்றிலேயே குடியிருத்தியுள்ளனர். அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கவலை தீர்ந்தால் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருக்கிறது. பிறர் வாழ்வு கண்டு பொறாதவனுக்கும் வயிறெரிகிறது. பிறரால் வஞ்சிக்கப்பட்டவனுக்கும் வயிறெரிகிறது. முன்னவனைக் கண்டு ஊர் நகைக்கும். பின்னவனின் எரிச்சல் சும்மா விடாது என்று அதே ஊர் அஞ்சும். பெற்றவளின் துயரைச் சொல்லப் புகுந்தால், பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்பதற்கு மேல் ஒரு தொடரில்லை. இவையெல்லாம் மரபுத்தொடர்கள் என்று கூறிவிட்டு ஆசிரியர்கள் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவது வழக்கம். ஆயினும் இவற்றுள் இரண்டு, வேதியியல் நோக்கிலும் பிழையற்றவை என்பது எண்ணத்தக்கது.

புளிப்பு அமிலத்தின் சுவை. இரைப்பையில் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை வில்லியம் புரௌட் என்னும் ஆங்கில மருத்துவர் 1824-இல் வெளியிட்டார். வயிற்றில் கரைவது புளி என்று சொன்ன பாமரன் அதுவரை காத்திருக்கவில்லை. பாலின் கதையும் இத்தகையதே. 1915-இல் சிகாகோ நகர மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி, இரைப்பைப் புண்ணுற்றோர்க்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரப் பொடியும் கொடுக்கும் முறையை வகுத்தார். அரை நூற்றாண்டளவு உலக மருத்துவமனைகள் பலவற்றில் அம்முறையே கோலோச்சியது. பால் முதலில் எரிச்சலைத் தணித்தாலும், அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இரைப்பையைத் தூண்டி மீண்டும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும் என்பது பின்னரே தெளிவாயிற்று. பாலுக்கும் வெண்ணெய்க்கும் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரத்தில் நின்று இதனைச் சொல்வது சற்றே துணிச்சலான செயல்தான்.

இவ்வுரையின் பொருள் அமில எதுக்களிப்பு நோயும், அதற்குரிய மருத்துவமும், அந்நோயோடு வாழ்வோரின் வாழ்க்கைத் தரமும் ஆகும். இலக்கிய மேடையில் இஃது எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. இந்நோயில் மருத்துவர் பெரும்பாலும் நோயாளி சொல்லும் சொல்லைக் கொண்டே முடிவுக்கு வருகிறார். சொல் உரைகல்லாக அமையும் இடத்தில் சொல்லைப் பயில்வோர்க்கும் ஓர் இருக்கை உண்டு என்பதே விடை.

உணவுக்குழாய் உதரவிதானத்தைத் துளைத்து இறங்கி இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு சுருக்குத்தசை உள்ளது. விழுங்கும்போது அது திறக்கும்; விழுங்கியபின் மூடிக்கொள்ளும். இரைப்பையின் உட்சுவர் தன் அமிலத்தைத் தானே தாங்கும்படி கோழைப் படலத்தைக் கவசமாகப் பூண்டது. உணவுக்குழாய்க்கு அத்தகைய கவசம் இல்லை. சுருக்குத்தசை வேண்டாத நேரத்தில் தளரும்போதும், வயிற்றினுள் அழுத்தம் மிகும்போதும், இரைப்பையின் ஒரு பகுதி உதரவிதானத் துளைவழியே மார்புக்குள் ஏறிவிடும்போதும் அமிலம் மேலெழுகிறது. இது நலமுடையார்க்கும் நாள்தோறும் சிறிதளவு நிகழ்வதே. அவ்வாறாயின், நிகழ்வு நோயாவது எப்போது?

மான்ட்ரியல் நகரின் பெயரால் வழங்கும் உடன்பாடு ஒன்று 2006-இல் வெளிவந்தது. 18 நாடுகளைச் சேர்ந்த 44 வல்லுநர்கள் அதனை உருவாக்கினர். இரைப்பையில் உள்ளவை மேலெழுந்து, தொல்லை தரும் அறிகுறிகளையோ கேடுகளையோ விளைவிக்குமாயின் அது நோய் என்பது அவர்தம் வரையறை. இதில் எடை மிக்க சொல் ‘தொல்லை’ என்பதே. தொல்லையா அன்றா என்று கூறவேண்டியவர் நோயாளி; மருத்துவர் அல்லர். எதுக்களிப்பு உடையாருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு எண்டாஸ்கோப்பியில் புண் எதுவும் தென்படுவதில்லை. புண் பெரிதாக இருந்தும் எரிச்சலை அறியாத முதியோரும் உளர். ‘உள்ளே ஒன்றுமில்லை, போய் வாருங்கள்’ என்று அனுப்பப்பட்டவர் இரவில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பது இதனால்தான். இல்லாத நோயைச் சொல்கிறார் என்று அவரை வீட்டாரே ஏசும் நிலையும் இதனால்தான்.

பழந்தமிழ் இலக்கியத்தில் வயிற்றுத் தீக்கு ஆளானோர் இருவர் நினைவுக்கு வருவர். ஒருத்தி மணிமேகலைக் காப்பியத்துக் காயசண்டிகை. விருச்சிக முனிவனுக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்தமையின் சாபம் பெற்று, பன்னீராண்டு யானைத்தீ என்னும் பெரும்பசியால் வருந்தியவள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால் அத்தீ அவிந்தது. காயசண்டிகை தன் கதையைத் தானே கூறுகிறாள். எனினும் அது சாபத்தின் கதை, வலியின் கதையன்று. சாத்தனார்க்கு வேண்டியது பசிப்பிணி தீர்க்கும் அறத்தின் பெருமை. அதற்கு அவள் நோய் உதவிற்று.

மற்றவர் திருநாவுக்கரசர். தருமசேனர் என்னும் பெயரோடு சமண மடத்தில் இருந்தவரைச் சூலை பற்றிய வரலாற்றைச் சேக்கிழார் விரித்துரைக்கிறார். மடத்தார் செய்த மருத்துவம் பயன்படவில்லை. தமக்கை திலகவதியாரிடம் ஆளனுப்பினார். அவர் மடத்திற்கு வர மறுத்தார். பின் தாமே திருவதிகைக்கு வந்து சேர்ந்தார். அங்குப் பாடிய பதிகம் வலியோடு தொடங்குகிறது. அச்சூலை எந்நோய் என்று இன்றைய மருத்துவச் சொல்லால் பெயரிட முயல்வோர் உளர். குடற்புண் என்பர் சிலர், பித்தப்பைக் கல் என்பர் சிலர். பதிகத்தைப் பரிசோதனைச் சீட்டாகப் படிக்கும் இம்முயற்சியால் கிடைப்பது ஒன்றுமில்லை. துணிதற்குரிய சான்று அதில் இல்லை, இருக்கவேண்டியதும் இல்லை. அதில் இருப்பது வேறொன்று. வலி எங்கே, எத்தகையது, பொறுக்கலாகாமை எத்துணை, அது மனிதனை எந்நிலைக்குக் கொணர்ந்தது என்பதை நோயுற்றவரே தம் வாயால் கூறும் கூற்று அது. மருத்துவ உலகம் அத்தகைய கூற்றை முறையாகக் கேட்டு எழுதிக்கொள்ளத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அது பின்னர்க் கூறப்படும்.

சித்த மருத்துவர் வயிற்று நோய்களுள் ஒரு தொகுதியைக் குன்மம் என்று வழங்கினர். யூகி முனிவர் அதனை எட்டாக வகுப்பர். எரிகுன்மம், வலிகுன்மம், சத்திகுன்மம், வாயுகுன்மம் என்னும் பெயர்களே அறிகுறிகளைச் சொல்லிவிடுகின்றன. குல்மம் என்னும் வடசொல்லே குன்மம் ஆயிற்று என்பது சொல்லாராய்ச்சியார் முடிவு. சித்த மருத்துவரோ, உடலையும் மனத்தையும் குன்றச் செய்தலின் குன்மம் எனப் பொருள் உரைப்பர். சொற்பிறப்பு நோக்கில் இவ்விளக்கம் நில்லாது. ஆனால் நெடுநாள் நோயுற்றவரிடம் கேட்டால் இதுவே சரி என்பார். திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் ஆறு குறட்பாக்கள் உணவின் அளவையும் காலத்தையும் பற்றியவை என்பதும், இறுதிக் குறள் மருத்துவத்தின் நால்வகை உறுப்புகளை எண்ணும்போது நோயுற்றவனை முதலில் வைக்கிறது என்பதும் இங்கே கருதத்தக்கன.

இனி அண்மைக்கால வரலாறு. தமிழகத்தின் தென்கோடியில், அன்று திருவிதாங்கூர் அரசின் ஆட்சியிலும் 1956 முதல் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கிய நெய்யூர் என்னும் ஊரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை ஒன்று உண்டு. 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற ஆங்கிலேயர் குழுவில் ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். அவர் தியோடர் ஹோவார்டு சோமர்வெல். அம்முயற்சியில் பனிச்சரிவு நேர்ந்து சுமைதூக்குவோர் எழுவர் மாண்டனர். அத்துயரோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மருத்துவமனையில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைக் கண்டார். இலண்டனில் தமக்கிருந்த வாய்ப்புகளை விடுத்து அங்கேயே பணிபுரியத் துணிந்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்ட் சென்றபோது, கடுங்குளிரில் தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து அடைத்து, மூச்சுவிட இயலாமல் சாவின் விளிம்புக்குச் சென்று மீண்டார். பின்னர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் வாழ்வு நெய்யூரிலேயே கழிந்தது. அதன்பின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார்.

நெய்யூரில் அவர்முன் வந்து நின்றவர்களுள் பெருந்தொகையினர் முன்சிறுகுடற் புண்ணால் வருந்தியோர். பல்லாண்டுப் புண் ஆறித் தழும்பாகி, இரைப்பையின் வாய் அடைபட்டு, உண்டதெல்லாம் வாந்தியாகி, எலும்பும் தோலுமாய் வந்தவர்கள் அவர்களிற் பலர். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்து அவர் புதுவழி அமைத்தார். அப்பகுதியில் இந்நோய் இத்துணை மிகுந்திருப்பது ஏன் என்னும் வினா அவரை விடவில்லை. ஆர் என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் இதைப்பற்றி விரிவாக எழுதினார்.

அதே காலத்தில் குன்னூரில் இராபர்ட் மக்கரிசன் வேறொரு வழியில் இதே வினாவை அணுகினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், காய்கறி என்னும் சீக்கியர் உணவை உண்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் இல்லை. சென்னை மாகாண ஏழையர் உணவை உண்டவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் புண் கண்டது. மரவள்ளிக் கிழங்கே பெரும்பகுதியாகிய தென் திருவிதாங்கூர் ஏழையர் உணவை உண்டவற்றிலோ, கால்பங்குக்கு மேற்பட்டவற்றுக்குப் புண். வறுமை வயிற்றில் ஓட்டையிடுகிறது என்று கவிஞன் சொன்னால் அது உயர்வு நவிற்சி. குன்னூர் ஆய்வுக்கூடம் அதனைக் கணக்கிட்டுக் காட்டியது. பிற்காலத்தில் மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் அறுவை மருத்துவரும், அரிசி உண்ணும் தெற்கில் இப்புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்னும் வேறுபாட்டைப் பல்லாண்டு ஆராய்ந்தார்.

கதை இங்கே திரும்பியது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், இரைப்பையின் அமிலத்திலும் வாழவல்ல வளைந்த நுண்கிருமி ஒன்றை வளர்த்துக் காட்டினர். எவரும் நம்பாமையால் மார்ஷல் 1984-இல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் கொண்டார். 2005-இல் இருவர்க்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரண்டு வார மருந்துக்குள் அடங்கும் நோயாயிற்று குடற்புண். நெய்யூரில் கத்தியால் தீர்த்தது மாத்திரையால் தீர்கிறது. உணவும் வறுமையும் ஒரு பொருட்டல்ல என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. அக்கிருமி குடிகொள்வதும் நெருக்கடி மிக்க, தூய்மைக் குறைவான வீடுகளில்தான் மிகுதி.

இவ்வளவும் புண்ணின் கதை. எதுக்களிப்பு வேறு நோய். இதற்கு அக்கிருமி காரணமன்று. எனினும் மக்கள் வழக்கில் நெஞ்செரிந்தாலும், வயிறு வலித்தாலும், ஏப்பம் வந்தாலும் ‘அல்சர்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. அதற்கடுத்த சொல் ‘கேஸ்’. இவ்விரு சொற்களும் தமிழில் நுழைந்தபின் எத்தனை நல்ல சொற்கள் வெளியேறின என்று எண்ணிப் பார்த்தால் மொழிப்பற்றுக்கு அப்பாற்பட்ட இழப்பும் தெரியவரும். புண்ணுக்குரிய மருந்தை எதுக்களிப்புக்கும், எதுக்களிப்புக்குரிய மருந்தை மாரடைப்பின் முதல் வலிக்கும் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வோர் உளர். நெஞ்சு வலி இடக்கைக்கும் தாடைக்கும் பரவி வியர்க்குமாயின் அது சோடா குடித்துத் தீர்க்கும் செய்தியன்று.

மருந்துகளின் வரலாறு சுருக்கமானது. சுண்ணாம்பு, மக்னீசியம், அலுமினியம் கலந்த காரமருந்துகள் அமிலத்தைச் சற்று நேரம் முறிக்கும். சுரப்பையே குறைக்கும் புதுவகை மருந்தைக் கண்டவர் ஜேம்ஸ் பிளாக். அவர் உருவாக்கிய சிமெடிடின் 1976-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1988-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அதன் தம்பியான ரானிடிடின், இந்நாட்டில் பெட்டிக்கடை மருந்து என்னும் அளவுக்குப் பரவியது. அதில் புற்றுநோய்க்கு இடந்தரக்கூடிய மாசு உண்டாவது கண்டு 2020-இல் அமெரிக்கா அதனை விற்பனையிலிருந்து விலக்கியது. இந்திய அரசு 2022-இல் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1988-இல் சுவீடனில் வெளிவந்த ஒமிப்ரசோலும் அதன் வழித்தோன்றல்களும் அமிலச் சுரப்பின் இறுதிக் கதவையே சாத்துவன. இவற்றைப் பற்றிப் பலரும் அறியாத ஒன்று உண்டு. எரியும்போது விழுங்கும் மருந்துகள் அல்ல இவை. உண்பதற்கு அரைமணி முதல் ஒருமணி முன்பு கொள்ளவேண்டியவை. உணவு உள்ளே செல்லும்போது விழித்தெழும் அமிலச் சுரப்பிகளையே இவை பிடிக்கும். விருந்துண்டபின் வெற்றிலையோடு விழுங்குபவர் பாதிப் பயனை இழக்கிறார். நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினால் அமிலம் முன்னிலும் மிகுந்து சுரப்பதும் உண்டு. அதனை நோய் திரும்பியதாகக் கருதி மீண்டும் தாமே வாங்கி உண்போர் பலர். விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவை கண்டால் மருந்துக்கடையில் நில்லாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கத்தியும் உண்டு. ருடால்ப் நிசென் என்னும் மருத்துவர் 1956-இல் வெளியிட்ட முறையில், இரைப்பையின் மேற்பகுதி உணவுக்குழாயின் அடியைச் சுற்றித் தைக்கப்படும். இன்று அது சிறுதுளைகளின் வழியே செய்யப்படுகிறது. மருந்தா, கத்தியா என்று பதினொரு ஐரோப்பிய நாடுகளில் 554 நோயாளிகளை ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. நோய் அடங்கியிருந்தோர் மருந்தால் 100-க்கு 92, கத்தியால் 100-க்கு 85. இவ்வெண்ணை மட்டும் பார்த்தால் மருந்தே வென்றது போலும். ஆனால் மருந்துண்டோர்க்கு உணவு மேலெழுவது மிகுதியாக நீடித்தது. அறுவை பெற்றோர்க்கு வயிற்றுப் பொருமலும் விழுங்குவதில் இடர்ப்பாடும் மிகுதியாக இருந்தன. எதை ஏற்பது என்பதை எண் சொல்லாது. குனிந்து வேலை செய்பவர் ஒன்றை விரும்பலாம். விருந்துகளில் அமர்பவர் மற்றொன்றை விரும்பலாம்.

இங்கேதான் வாழ்க்கைத் தரம் என்னும் சொல் வருகிறது. 1996-இல் விக் வெலனோவிச் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் பத்து வினாக்கள் கொண்ட தாள் ஒன்றை உருவாக்கினார். எரிச்சல் எத்துணை, படுக்கும்போது எப்படி, நிற்கும்போது எப்படி, உணவுக்குப்பின் எப்படி, அதனால் உணவை மாற்றிக்கொள்ள நேர்ந்ததா, உறக்கம் கலைகிறதா, விழுங்குவது கடினமா, மருந்து உண்பதே அன்றாட வாழ்வைத் தாக்குகிறதா என்று அவ்வினாக்கள் செல்லும். ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் 50. குறைவாகப் பெற்றவர் நலமுடையவர். தேர்வில் சுழி வாங்குவதே சிறப்பாகிய தாள் இஃதொன்றே போலும்! எளிய வினாக்கள்தாம். எனினும் அமிலத்தின் அளவைக் கேட்காமல் அமிலத்தோடு வாழ்பவரின் இரவைக் கேட்டமையே இதன் சிறப்பு. இத்தகைய தாள்களால் அறிந்தவற்றுள் தலையாயது, இரவில் எழும் எதுக்களிப்பே வாழ்வை மிகுதியாகச் சிதைக்கிறது என்பது. உறக்கம் கெட்டவர்க்கு மறுநாள் உழைப்பும் கெடுகிறது, சினம் மிகுகிறது, வீடு கெடுகிறது.

இந்திய இரைப்பைக்குடல் மருத்துவர் கழகத்தின் பணிக்குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட மூவாயிரத்துக்கு மேற்பட்டோருள் 100-க்கு ஏறத்தாழ 8 பேர்க்கு இந்நோய் இருந்தது. இவ்வவையில் நூறு பேர் அமர்ந்திருப்பின் எண்மர் அவ்வாறு இருத்தல் கூடும். அவர்கள் பின்வரிசையில் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பதும் கூடும்.

ஒட்டன்சத்திரத்தின் வாழ்வு அதன் காய்கறிச் சந்தையைச் சுற்றியது. தக்காளியும் முருங்கையும் மிளகாயும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்து குவிகின்றன. கேரளம் நோக்கி லாரிகளில் ஏறிச் செல்கின்றன. மூட்டை தூக்குபவரின் உடலை எண்ணிப் பார்க்க வேண்டும். குனிந்து தூக்கும்போது வயிற்றின் அழுத்தம் மிகும், அமிலம் மேலெழும். பணி முடிந்து அகாலத்தில் பரோட்டாவும் சால்னாவும் உண்டு, கைகால் அலுப்பில் உடனே சாய்ந்துவிடுகிறார். உண்டபின் மூன்று மணிநேரம் படுக்கலாகாது என்று மருத்துவர் கூறும் அறிவுரை, விடியற்காலையில் மீண்டும் சுமைக்குச் செல்லவேண்டியவர்க்கு எவ்வாறு பொருந்தும்? இரவெல்லாம் மலைப்பாதையில் வண்டியோட்டி, விழித்திருக்கத் தேநீரும் பீடியும் துணைகொள்ளும் ஓட்டுநர் நிலையும் இதுவே. புகையிலை இச்சுருக்குத்தசையைத் தளர்த்தவல்லது. சுருட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல் வட்டாரத்தில் இதனை அழுத்திச் சொல்வது தகும்.

பெண்டிர் நிலை இன்னும் பேசப்படாதது. எல்லாரும் உண்டபின் உண்பது, மீந்ததை உண்பது, பாத்திரம் துலக்கியபின் உண்பது, உண்டவுடன் படுப்பது என்னும் வரிசையில், நோயை வருவிக்கும் பழக்கங்கள் அனைத்தும் நற்பண்புகளாகப் போற்றப்பட்டுள்ளன. பெண் குறைவாக உண்பதைச் சிறப்பென்றது கொன்றைவேந்தன். நேரத்தோடு உண்பதைச் சிறப்பென்று கூறிய நீதிநூல் உண்டா என்று தேடவேண்டும். கருவுற்ற பெண்டிர்க்கு நெஞ்சு கரிப்பது மிகுதி. அது பிள்ளைக்கு முடி வளர்வதால் என்று பாட்டிமார் கூறுவதுண்டு. 2006-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் 64 கருவுற்ற பெண்டிரை ஆராய்ந்தவர்கள், இக்கூற்றைப் பொய்ப்பிக்கப் புகுந்து, கரிப்பு மிகுந்தவர்க்குப் பிறந்த குழந்தைகளுக்கு முடி மிகுந்திருக்கக் கண்டு திகைத்தனர். முடி காரணமன்று, இரண்டுக்கும் கருக்காலச் சுரப்புநீர் பொதுக் காரணமாகலாம் என்பது அவர் கருத்து. பாட்டிமார் கண்டது பிழையன்று. காரணம் கூறியதே பிழை.

செலவில்லாத மருத்துவமும் சில உண்டு. உடல் பருமன் உடையவர் எடையைக் குறைத்தால் எதுக்களிப்புக் குறைவது ஆய்வுகளில் உறுதிப்பட்டது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை தாழவும் உணவுக்குழாய் உயரவும் அமைகின்றன. கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் அரையடி உயரத்திற்குச் செங்கல் வைத்தால் உடல் முழுதும் சாய்வாகும். தலையணைகளை அடுக்குவது கழுத்தை மடக்குமேயன்றி வயிற்றை அழுத்தாமல் விடாது. காரமும் புளியும் எல்லார்க்கும் பகையல்ல. எவர்க்கு எது ஒவ்வாது என்பதை அவரவரே கண்டறிய வேண்டும். புளிக்குழம்பை அறவே நீக்கச் சொல்லி ஒருவரின் ஒரே சுவையையும் பறித்துவிட்டு, வாழ்க்கைத் தரத்தை உயர்த்தினோம் என்பது முறையாகாது.

ஒட்டன்சத்திரத்தில் 1955-இல் மருத்துவர் தாரியனும் மருத்துவர் ஜேக்கப் செரியனும் கிறிஸ்டியன் பெலோஷிப் மருத்துவமனையைத் தொடங்கியது முதல், வெளியூர்களிலிருந்து வந்து பணிபுரியும் மருத்துவர்களை இவ்வூர் கண்டுவருகிறது. வேற்றுமொழி மருத்துவர் எங்கே இருப்பினும் அவர்முன் நோயாளி சொல்லும் சொல் இடையில் நிற்பவரால் பெயர்க்கப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹார்ட்பர்ன்’ என்னும் சொல்லை ஆங்கிலம் பேசுவோரிலேயே பலர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்று அமெரிக்க ஆய்வுகள் கூறுகின்றன. அது நெஞ்சைச் சுட்டுகிறதா, இதயத்தைச் சுட்டுகிறதா என்னும் குழப்பம் அச்சொல்லிலேயே உள்ளது. தமிழ்நிலை அதனினும் நன்று. நெஞ்செரிச்சல், நெஞ்சுக் கரிப்பு, புளியேப்பம், எதுக்களிப்பு, உமட்டல், பொருமல், காந்தல் என ஒவ்வோர் உணர்வுக்கும் தனிச்சொல் உண்டு. மேலைநாட்டு வினாத்தாளைத் தமிழாக்குவோர் இவற்றைக் கேளாமல், நூலகத்திலிருந்து ‘இரைப்பை உணவுக்குழாய்ப் பின்னொழுக்கு’ என்று ஒரு தொடரைச் சமைத்துத் தருவர். அத்தொடரைக் கேட்ட நோயாளிக்கு வயிற்றில் புளி கரைவதைத் தவிர வேறொன்றும் நிகழாது.

எதுக்களித்தல் என்பது உண்டது வாய்வரை மேலெழுவது. வாந்தியினின்று வேறுபட்டது, குமட்டலின்றி வருவது. கரிப்பது மார்பின் நடுவில், மேல்நோக்கிப் படர்வது. காந்துவது அதற்குக் கீழே, வயிற்றுக் குழியில், பெரும்பாலும் வெறும் வயிற்றில். முன்னிரண்டும் எதுக்களிப்பின் பக்கம் சாயும்; பின்னது புண்ணின் பக்கம் சாயும். குழாயை உள்ளே விடுமுன் மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாட்டில் பெரும்பகுதி இச்சொற்களுக்குள் அடங்கியுள்ளது. கரிக்கிறதா, காந்துகிறதா என்று கேட்டால், சந்தையில் மூட்டை இறக்கிவைத்துத் துண்டால் முகந்துடைப்பவர் தயங்காமல் விடை சொல்வார்.